லயத்துப் பிள்ளைக்கு இராணுவக் கதவு ஏன் திறக்கவில்லை?



லிங்கியிலிருந்து வடமேற்கே போனால் போர்ட்டிக்சன். தெற்கே லிங்கி ஆற்றைத் தாண்டி மலாக்கா எல்லைக்குள் போனால் சுங்கை ஊடாங், அங்கே தெரெண்டாக் முகாம். நம் நெகிரி செம்பிலானின் கிழக்கு மூலையில் கிம்மாஸ், அங்கே டாங்கிகள் நிற்கும் முகாம். இந்த நாட்டு இராணுவத்தின் நடுவில்தான் நம் லயங்கள் இருந்தன. இராணுவ லாரி போனால் கையசைத்துக்கொண்டு பின்னால் ஓடியவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனால் சிருசாவில் தரைப்படை அருங்காட்சியகம். அங்கே நிறுத்தி வைத்த பீரங்கி மேல் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்து எடுத்த போட்டோ பல வீடுகளில் இன்னும் சுவரில் தொங்குகிறது.

சரி, ஒரு கேள்வி. இராணுவ உடை போட்டு, அணிவகுப்பு முடித்து, அம்மா அப்பாவுடன் நின்று எடுத்த போட்டோ எத்தனை வீட்டில் தொங்குகிறது? உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், உங்கள் உறவில் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும். பல வீடுகளுக்கு அந்த ஒரு விரலும் தேவைப்படாது.

இது ஏன் என்று இந்தக் கட்டுரை கேட்கிறது. இராணுவம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, யார் தலைமையில் நடக்கிறது, அதில் நமக்குச் சட்டப்படி என்ன இடம், நடைமுறையில் என்ன இடம் என்று நம் குடும்பங்களுக்குப் புரியும்படி யாரும் சொன்னதில்லை. தெரியாத வரைக்கும் கேட்க மாட்டோம். கேட்காத வரைக்கும் "இவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

நமக்குக் கொடுத்த பட்டம்

2010 நவம்பர் மாதம். அன்றைய தற்காப்பு அமைச்சர் அஹ்மாட் ஸாஹிட் ஹமிடி நாடாளுமன்றத்துக்கு எழுத்து மூலமாக ஒரு பதில் கொடுத்தார். ஆயுதப்படையில் சீனரும் இந்தியரும் மிகக் குறைவாக இருப்பதற்கு அதில் காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நாட்டுப்பற்று குறைவு, கடுமையான ஒழுங்குக்குப் பயம், குடும்பத்தின் ஊக்கமின்மை, வெளியே வேறு வேலை வாய்ப்பு. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. அதே காலத்தில் வெளிவந்த கணக்குப்படி படையில் இந்தியர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குப் பிறகு எத்தனையோ அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த ஒரு விழுக்காட்டைச் சுற்றித்தான் நாம் இன்னும் நிற்கிறோம்.

நாட்டுப்பற்று இல்லையாம்! விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரட்டுக் களத்தில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியில் மரம் சீவி, இந்த நாட்டின் ஏற்றுமதியை முதுகில் சுமந்தவனுக்கு நாட்டுப்பற்று இல்லையாம். ஒழுங்குக்குப் பயமாம். தோட்டத்து ஒழுங்கைவிடவா இராணுவ ஒழுங்கு கடுமை?

இராணுவம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இராணுவ அமைப்பைப் புரிய வைப்பது எளிது. தோட்டத்தையே வெள்ளைக்காரன் இராணுவம் மாதிரிதான் கட்டினான். உச்சியில் பெரிய துரை, கீழே சின்ன துரை, பிறகு கிராணி, மண்டோர், கங்காணி, அடியில் நாம். குடியிருந்த வீட்டுக்குப் பெயர் 'லைன்'. அது சிப்பாய்க் குடியிருப்புக்கும் அவர்கள் வைத்த பெயர்தான்.

இராணுவத்தில் அடியில் இருப்பது சுமார் பத்துப் பேர் கொண்ட செக்சன். மூன்று செக்சன் சேர்ந்து ஒரு பிளாட்டூன். பிளாட்டூன்கள் சேர்ந்து கம்பெனி. கம்பெனிகள் சேர்ந்து பட்டாலியன், அதாவது பல நூறு பேர். பட்டாலியன்கள் சேர்ந்து பிரிகேட், பிரிகேட்கள் சேர்ந்து டிவிஷன். மேலே போகப் போகத் தலைமை ஏற்பவரின் பதவியும் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், கர்னல், ஜெனரல் என்று உயரும். தரைப்படையின் உச்சியில் நான்கு நட்சத்திர ஜெனரல் ஒருவர். அவருக்கும் கடற்படை, விமானப்படைத் தலைவர்களுக்கும் மேலே முப்படைகளின் தலைமைத் தளபதி.

அரசியலமைப்பின் 41ஆம் பிரிவுப்படி முப்படைகளின் தலைவர் மாமன்னர். 137ஆம் பிரிவு ஆயுதப்படை மன்றம் ஒன்றை அமைக்கிறது. அதற்குத் தலைவர் தற்காப்பு அமைச்சர். மன்னர்கள் சார்பில் ஒருவரும், தலைமைத் தளபதியும், மூத்த படை அதிகாரிகளும் அதில் இருப்பார்கள். படையின் ஒழுங்கும் நிர்வாகமும் அந்த மன்றத்தின் பொறுப்பு. ஆகவே "ஏன் எங்களை எடுக்கவில்லை?" என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்க வேண்டாம். கேட்க வேண்டிய இடம் அதுதான். நாம் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் ஆட்கள் அங்கே எழுந்து நின்று கேட்க வேண்டியது அந்த அமைச்சரைத்தான்.

முப்படைகளிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகிறார்கள். தரைப்படையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர். போலந்திலிருந்து வாங்கிய 48 டாங்கிகள் உண்டு. 2011-இல் 257 கவச வண்டிகளுக்கு, 'கெம்பித்தா' என்று பெயர் வைத்தவற்றுக்கு, 7 பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் தற்காப்பு அமைச்சுக்கு 21 பில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. மளிகைக் கடையிலும் மோட்டார் சைக்கிள் ரோடு டேக்ஸிலும் நாம் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. வரி கட்டும் வரிசையில் நம்மை யாரும் 'அப்புறம் வா' என்று சொன்னதில்லை.

சட்டம் மூடியது ஒரு கதவைத்தான்

இதை நம் மக்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

1933 மார்ச் 1. போர்ட்டிக்சனில் 25 மலாய் இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனைப் படை தொடங்கப்பட்டது. அதுதான் மலாய் ரெஜிமென்ட். இந்த நாட்டு இராணுவம் பிறந்த இடம் நம் லயத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரும் தூரம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னானும் அவருடைய வீரர்களும் கடைசி வரை நின்று செத்தார்கள். அவர்களுக்குத் தலை வணங்குகிறோம். அந்தப் படையின் பெருமையில் கை வைக்க நாம் வரவில்லை.

மலாய் ரெஜிமென்ட்டில் மலாய்க்காரர் மட்டுமே சேரலாம். இது வெறும் வழக்கம் அல்ல, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் 8ஆம் பிரிவு, அதே மூச்சில் ஐந்தாவது உட்பிரிவில் இந்த ரெஜிமென்ட்டுக்கு விலக்குக் கொடுக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். விலக்கு மலாய் ரெஜிமென்ட்டுக்கு மட்டும். இராணுவம் முழுவதற்கும் அல்ல!

சிப்பாய், கவசப்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படை, தகவல் தொடர்புப் படை, மருத்துவப்படை, வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுது பார்க்கும் படை, தளவாடப் படை, இராணுவப் போலீஸ், கடற்படை, விமானப்படை... இவற்றில் எதன் கதவிலும் இனத்தின் பெயரால் பூட்டுப் போட அந்த உட்பிரிவு இடம் கொடுக்கவில்லை. காலாட்படையிலேயே ரேஞ்சர் ரெஜிமென்ட் எல்லா இனத்தாருக்கும் உரியது. சரவாக் ரேஞ்சர்களில் வேர் கொண்டு 1963-இல் மலேசியாவுடன் சேர்ந்து வளர்ந்த படை அது. அதற்கும் முன்னால், 1952-இல், எல்லா இனத்தாரையும் சேர்த்து ஃபெடரேஷன் ரெஜிமென்ட் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அது பின்னர் கவச வாகனப் படையோடு இணைக்கப்பட்டது. எல்லா இனமும் ஒரே கம்பெனியில் நிற்பது இந்த நாட்டுக்குப் புதிய கற்பனை அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

கணக்குப் போடுவோம். மலாய் ரெஜிமென்ட்டில் 25 பட்டாலியன் அளவில் இருக்கிறது. பட்டாலியனுக்கு 800 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 20,000 ஆகிறது. தரைப்படை 80,000 என்றால் மீதி 60,000 இடங்கள் சட்டப்படி நமக்கும் திறந்தவை. கடற்படையும் விமானப்படையும் தனி. அந்த இடங்களில் நம் பிள்ளைகள் எங்கே?

153ஆம் பிரிவைக் காட்டுவார்கள். காட்டட்டும், நாமும் படித்திருக்கிறோம். பொதுச் சேவையில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் 'நியாயமான விகிதம்' ஒதுக்க மாமன்னருக்கு அது அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு பேசுவது ஒரு விகிதத்தைப் பற்றி. விகிதம் என்றால் மீதி என்று ஒன்று இருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைத் தாண்டி ஒரு பக்கமே போனால் அதற்கு விகிதம் என்று பெயரா? 136ஆம் பிரிவோ இன்னும் தெளிவு. கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் இருப்பவர்கள் எந்த இனமானாலும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. இந்த இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மறுபக்கத்தை ஒட்டி வைப்பது என்ன நியாயம்?

நாம் துப்பாக்கி தூக்காத இனமா?

1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து அழைத்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் பால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். நம் பெண்கள் ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூரிலிருந்து போன ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையில் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். அதே காலத்தில் நம் இன்னொரு கூட்டம் சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் புதைந்தது. தோட்டத்துத் தமிழனுக்குப் பயம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் படிக்கட்டும்.

"அது இந்தியாவுக்காக" என்பார்கள். சரி, மலேசியாவுக்காக என்ன செய்தோம்? 1971-இல் பேராக் காட்டில் கம்யூனிஸ்ட் ஆயுதக் கும்பலை விரட்டிச் சென்று உயிர் விட்டவர் கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன். இந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பஹ்லவான் காகா பெர்காசா அவருக்கு வழங்கப்பட்டது. வேலாயுதன் மகனின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் பாட நூலில் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்? நம் இயக்கங்களும் கோவில் கமிட்டிகளும்கூட எந்த விழாவிலாவது அவர் படத்தை வைத்தது உண்டா? இந்தக் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான்.

உச்சி நாற்காலியில் ஒரு தமிழர் இருந்தார்

1967-இல் அரச மலேசியக் கடற்படைக்கு மலேசியர் ஒருவர் முதன்முதலாகத் தலைமை ஏற்றார். அவர் பெயர் கே. தனபாலசிங்கம். தமிழர். அப்போது அவருக்கு வயது 31. இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நாடு சுதந்திரம் பெற்று பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த வேளை. துங்கு அப்துல் ரஹ்மான் காலத்து அரசாங்கம் ஒரு தமிழனை நம்பி நாட்டின் கடலையே ஒப்படைத்தது. வானம் இடிந்து விழவில்லை. கடற்படை மூழ்கவில்லை.

அவருக்குப் பிறகு முப்படைகளில் எதற்கும் ஒரு தமிழர் தலைமை ஏற்கவில்லை. அறுபதுகளில் நாட்டுப்பற்று இருந்து பிறகு நம் இரத்தத்திலிருந்து அது வடிந்துவிட்டதா? அப்படியல்ல. ஆள் எடுக்கும் வழியும் பதவி உயர்வு தரும் வழியும் மாறின. கீழே ஆள் சேராவிட்டால் இருபது, முப்பது வருடம் கழித்து மேலே ஆள் இருக்க மாட்டார். ஜெனரல்களை வானத்திலிருந்து இறக்க முடியாது. இன்று சேரும் பயிற்சி அதிகாரியிலிருந்துதான் 2050-இன் ஜெனரல் வருவார். அதனால்தான் இந்தக் கதவு நமக்கு அவசரம்.

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். இலங்கை இராணுவத்துக்கு முதல் உள்நாட்டுத் தளபதி யார் தெரியுமா? அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர், 1955 முதல் 1959 வரை. 1962 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு அங்கே படை மெல்ல மெல்ல ஓர் இனத்துக்கே உரியதாக மாற்றப்பட்டது. ஓர் இனத்தின் படையாகிப்போன இராணுவம் மற்ற இனத்தின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதும், அந்தத் தீவு என்ன விலை கொடுத்தது என்பதும் உலகறிந்தது. இலங்கையும் மலேசியாவும் ஒன்றல்ல. இந்த நாடு அந்த வழியில் போகக் கூடாது, போகவும் போகாது என்று நம்புகிறோம். ஆனால் பாடம் பாடம்தான்.

சிங்கப்பூரில் கதை தலைகீழ். அங்கே 1967 முதல் கட்டாய இராணுவச் சேவை. ஆனால் ஆரம்ப வருடங்களில் சிறுபான்மையான மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்காமல் விட்டார்கள். 1987-இல் அங்கே அமைச்சராக இருந்த லீ சியன் லூங் அதற்குக் காரணம் சொல்லப்போய் இங்கே மலேசியாவில் கண்டனக் குரல் எழுந்தது. நியாயமான கண்டனம்தான்! சிங்கப்பூர் மலாய்க்காரரை நம்பாதது தவறு என்றால், மலேசியத் தமிழனை விட்டுவிடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அங்கே உள்ள சிறுபான்மைக்குக் கேட்கும் அதே நீதியைத்தான் இங்கே நாமும் கேட்கிறோம்.

மாமாவின் சீருடை

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா எழுபதுகளில் ரேஞ்சர் படையில் சேர்ந்தவர். தாய்லாந்து எல்லைக் காட்டில் நாள் கணக்காக நனைந்த பூட்ஸோடு தூங்கியவர். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால் லயமே வேடிக்கை பார்க்கும். அவர் பச்சை உடையை என் அம்மா கஞ்சி போட்டுத் துவைத்து முன்வாசல் கொடியில் காய வைப்பார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று!

பன்னிரண்டு வருடம் சேவை. பிறகு வெளியே வந்துவிட்டார். "மாமா, ஏன் விட்டீங்க?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "எனக்கப்புறம் வந்தவனுங்களெல்லாம் எனக்கு மேல போயிட்டானுங்கடா. நான் நின்ன எடத்துலேயே நின்னேன்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 21 வருடம் முடிக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. தோட்டத்துக்குத் திரும்பினார். தோட்டமும் துண்டாடப்பட்டது. கடைசியில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை. இரவு பன்னிரண்டு மணி நேரம். சாகும் வரை பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுத்தான் வேலைக்குப் போனார்.

யோசித்துப் பாருங்கள். சீருடை நம் இனத்துக்குப் புதிதல்ல. நாடு முழுவதும் பேங்க் வாசலிலும் காண்டோ வாசலிலும் தொழிற்சாலை கேட்டிலும் சீருடையோடு நம் ஆட்கள் நிற்கிறார்கள். ராத்திரி முழுக்க அடுத்தவன் சொத்தைக் காவல் காக்க நம்மை நம்புகிறார்கள். நாட்டைக் காவல் காக்க மட்டும் நம்ப மாட்டார்களா?

என் சித்தப்பா மகன் விஷயம் வேறு மாதிரி. எஸ்.பி.எம். முடித்து, மலாய் மொழியில் நல்ல தேர்ச்சியோடு, ஆள் எடுக்கும் நாளன்று விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். அளந்தார்கள், சரியாக இருந்தது. "கடிதம் வரும்" என்றார்கள். வரவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்க ஒரு பாரமும் இல்லை, ஒரு நம்பரும் இல்லை. இரண்டாம் முறை போகச் சொன்னோம். "வேணாம்ணே, பெட்ரோல் காசு மிச்சம்" என்றான். இப்போது லாரி ஓட்டுகிறான். அமைச்சரின் கணக்கில் அவன் 'ஆர்வம் இல்லாதவன்'.

சொல்லப்படும் சாக்குகள்

"விண்ணப்பமே வருவதில்லை" என்கிறார்கள். அப்படியானால் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று இனவாரியாக ஒவ்வொரு வருடமும் வெளியிடுங்கள். வெளியிட்டால் யார் சொல்வது உண்மை என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

"அவர்கள் ஒழுங்குக்குப் பயப்படுகிறார்கள்." 2004 முதல் 2018 வரை தேசிய சேவைப் பயிற்சிக்குக் கணினிதான் பெயரைத் தேர்ந்தெடுத்தது. நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். சீனப் பிள்ளையோடும் மலாய்ப் பிள்ளையோடும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். கட்டாயம் என்று அழைத்தபோது வந்தவர்களிடம், முடித்து வெளியே போகும்போது "இராணுவத்தில் சேர்கிறாயா?" என்று எத்தனை முகாமில் நம் பிள்ளைகளைத் தேடிக் கேட்டார்கள்? 2025 ஜனவரியில் அந்தப் பயிற்சி புதிய வடிவில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இந்த முறையாவது கேட்கட்டும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். "நம்மை மதிக்காத நாட்டுக்காக நம் பிள்ளை ஏன் சாக வேண்டும்?" கோபம் புரிகிறது. ஆனால் இந்தக் கோபம் யாருக்கு வசதி என்று யோசியுங்கள். நாமே ஒதுங்கிக்கொண்டால் ஒதுக்க நினைப்பவனுக்கு வேலை மிச்சம். மேலும் இராணுவம் என்றால் சாவு மட்டும் அல்ல. அது மாதச் சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், கைத்தொழில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் நம் குடும்பங்கள் கூரை மேல் நின்று படகுக்குக் காத்துக் கிடந்ததை மறந்துவிட்டோமா? அப்படி வரும் படகில், மலாய் சரியாகப் பேச வராத நம் பாட்டியிடம் "பயப்படாதீங்க பாட்டி, கையைக் கொடுங்க" என்று சொல்ல ஒருவன் இருக்க வேண்டாமா?

எத்தனை குடும்பம்?

மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. முப்படைகளில் 1,10,000 பேர் என்று வைத்தால் ஏழு விழுக்காடு என்பது 7,700 பேர். ஒரு விழுக்காடு என்பது 1,100. வித்தியாசம் 6,600. இது வெறும் எண் அல்ல. ஆறாயிரத்து அறுநூறு வீடுகளில் எரிய வேண்டிய அடுப்பு. தோட்டம் துண்டாடப்பட்டு, கையில் தொழில் இல்லாமல் டவுன் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட நம் பையன்களுக்குக் கும்பல் கைநீட்டுகிறது. முகாம் கைநீட்டவில்லை. அவன் எந்தக் கையைப் பிடிப்பான்?

நாம் கேட்பது இதுதான்

1. விண்ணப்பம், நேர்காணல், தேர்வு, பதவி உயர்வு, விலகல் ஆகிய ஐந்தின் கணக்கையும் இனவாரியாக ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

2. ஆள் எடுக்கும் குழு லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லுக்குட் போன்ற இடங்களுக்கு நேரில் வர வேண்டும். தமிழ்ப் பத்திரிகையிலும் மின்னல் எப்.எம்.மிலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

3. எடுக்கப்படாதவனுக்குக் காரணம் எழுத்தில் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும்.

4. ரேஞ்சர் படையும் தொழில்நுட்பப் படைகளும் பெயரளவில் அல்லாமல் உண்மையிலேயே பல இனப் படைகளாக வேண்டும். அதற்கு ஆண்டு இலக்கு வேண்டும்.

5. இராணுவத்தில் இஸ்லாமிய சமயப் பணிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அது நல்லது. மற்ற சமயப் பிள்ளைகளின் வழிபாட்டுக்கும் உணவுப் பழக்கத்துக்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும்.

6. இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும் தவிக்கும் நம் பிள்ளைகளின் குடியுரிமை தீர்க்கப்பட வேண்டும். குடியுரிமை இல்லாதவன் படை வாசலில் நிற்கவே முடியாது.

7. காட்டில் சண்டை போட்டு, 21 வருடம் முடிக்காமல் வெளியேறி, ஓய்வூதியம் இன்றி வாழும் பழைய வீரர்களுக்கு, அவர்கள் எந்த இனமானாலும், நிரந்தர உதவித்தொகை வேண்டும். இதில் மலாய் வீரர்களும் ஆயிரக்கணக்கில் நம்மோடு நிற்கிறார்கள்.

நம் வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு

அடுத்தவனை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்து போனால் அது நேர்மை அல்ல. பெற்றோர்களே, பிள்ளையை எஸ்.பி.எம். வரை இழுத்துப் பிடியுங்கள். பாதியில் நின்றவனுக்கு எந்த முகாமும் கதவு திறக்காது. மலாய் மொழியில் தேர்ச்சி பெற வையுங்கள். அது இந்த நாட்டின் மொழி, நம் மொழிக்கு எதிரி அல்ல. கும்பல் சகவாசத்தில் ஒருமுறை போலீஸ் பதிவு விழுந்தால் இந்த வழி அடைபடும் என்பதைப் பதினான்கு வயதிலேயே சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஜான்சி ராணி படைக்குப் போன பெண்கள் யாருடைய பாட்டிகள்? நம்முடையவர்கள்தானே!

முக்கியமாக, விண்ணப்பம் போடுங்கள். போட்டதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். நேர்காணல் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். எடுக்கவில்லையென்றால் காரணம் கேட்டுக் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகல்களை உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். ஒருவன் போட்டால் அது விண்ணப்பம். ஒரு தோட்டத்திலிருந்து ஐம்பது பேர் போட்டால் அது ஆதாரம். அப்போது "வருவதில்லை" என்று எந்த அமைச்சரும் சொல்ல முடியாது.

1933-இல் போர்ட்டிக்சனில் 25 பேரோடு தொடங்கியது இந்த நாட்டின் இராணுவம். இருபத்தைந்து பேர் என்பது பெரிய எண் அல்ல. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது லிங்கிப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து தமிழ்ப் பிள்ளைகள், கையில் சான்றிதழோடு, காலில் பாலிஷ் போட்ட சப்பாத்தோடு, விடிவதற்கு முன்னால் அந்த வரிசையில் நிற்கட்டும். விடியற்காலையில் வரிசையில் நிற்க நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நூறு வருடமாகப் பிரட்டுக் களத்தில் நின்றவர்கள் நாம்.

இந்த முறை நம் பெயரையும் கூப்பிடச் சொல்லிக் கேட்போம்!

உரிமையுடன்,
லிங்கி தோட்டத்துப் பிள்ளை ஒருவன்